ஓரனின் இடத்துக்கு ஒரு பம்ப் துப்பாக்கி

பிரஷ் லேக், ஆர்கன்சா
1997 ஆகஸ்ட் 4

திரு. லோவெல் டாக்கெட் அவர்களுக்கு,

ஓரனின் துப்பாக்கிகள் மூன்றையும் அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே உங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. அவர் உங்களுக்கு அண்ணன். எனக்குக் கணவர் மட்டும்தான். போனது போகட்டும்.

எனக்கு ஒரு தகவல் வேண்டும். நேற்று கார்லிஸ் ஒரு கூடை தக்காளியோடு வந்தான். அவன் தக்காளியோடு வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"வெர்னாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வாத்து வேட்டைச் சங்கத்து விதி எங்கப்பா காலத்துல போட்டது. ரெண்டு சீசன் தொடர்ந்து ஒருத்தர் இடம் காலியா இருந்தா அது கை மாறிடும். போன சீசன் ஓரண்ணன் ஆஸ்பத்திரில இருந்தாரு. இந்த சீசன்..."

"இந்த சீசன் நான் வரேன்."

"வாங்க, வாங்க! சமைக்க ஆள் இல்லாம நாங்களும் தவிச்சிட்டிருக்கோம்."

"சமைக்க இல்ல கார்லிஸ். உக்கார."

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உக்கார்றதுன்னா முதல் நாளே சொந்தத் துப்பாக்கியோட உக்காரணும்க்கா. இரவல் செல்லாது."

"தக்காளி நல்லா இருக்கு. கூடைய நாளைக்குக் குடுத்தனுப்புறேன்."

அவனுடைய மாப்பிள்ளை அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறான் என்பது ஊருக்கே தெரியும்.

முப்பது வருடமாக அந்த ஆறு பேர் சுட்டுவந்த வாத்துகளுக்கு இறகு பிடுங்கியிருக்கிறேன். தண்ணீரில் நிற்கும் ஓக் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் எப்படி வரும் என்று ஓரன் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த இடத்தை நான் விடப்போவதில்லை.

ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும். குளிர்காலத்தில் வாத்துக்கு, வசந்தத்தில் வான்கோழிக்கு. பம்ப் துப்பாக்கி போதும், ஆனால் காலை வாரக்கூடாது. எதை வாங்குவது? உயர்நிலைப் பள்ளியில் அத்தனை வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். துப்பாக்கியைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

வெர்னா டாக்கெட்

*

துலூத், மினசோட்டா
1997 ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணி,

என்னைத் 'திரு' போட்டு அழைப்பது வங்கி மட்டும்தான். இப்போது நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். இருந்தாலும் உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உட்காராமல் நின்றபடியே படித்தேன்.

முதலில், பம்ப் என்று நீங்கள் முடிவு செய்தது சரி. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி வேகமானது, தோளிலும் மெதுவாக உதைக்கும். ஆனால் நம் பள்ளியின் மணியை நினைத்துப் பாருங்கள். புதிதாக மின்சார மணி வந்தது. அழகாக அடித்தது. பனிப்புயல் வந்து கம்பி அறுந்த வாரம் எது அடித்தது? அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய கைமணி. பம்பும் அப்படித்தான்; முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். சேறு, ஐஸ், வாத்து இறகு எது உள்ளே போனாலும் கையின் பலத்தால் வேலை செய்யும்.

ஆனால் அண்ணி, அவசரம் என்ன? ஒரு வருடம் போகட்டுமே. கார்லிஸிடம் நான் பேசுகிறேன். வீட்டில் இப்போது துப்பாக்கி என்று ஒன்று வேண்டுமா?

தூக்கம் வருகிறதா? ராத்திரிச் சாப்பாடு யாரோடு சாப்பிடுகிறீர்கள்? சர்ச்சுக்குப் போகிறீர்களா? இங்கே மகளின் இரட்டைக் குழந்தைகள் முறை போட்டு அழுவதால் நானும் தூங்குவதில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

உங்கள்
லோவெல்

*

பிரஷ் லேக்
1997 ஆகஸ்ட் 24

திரு. லோவெல் அவர்களுக்கு,

துப்பாக்கியைக் கேட்டால் தூக்கத்தைக் கேட்கிறீர்கள். ராத்திரி சோளரொட்டியும் மொச்சையும் வானொலியோடு சாப்பிடுகிறேன். போதுமா? சர்ச்சிலிருந்து இமோஜீன் வேறு தினமும் போன் செய்து, "என்ன பண்றே, வெளக்கு எரியுதா"ன்னு விசாரிக்கிறாள். அவளையும் நீங்கள்தான் ஏவிவிட்டீர்களா?

கார்லிஸிடம் நீங்கள் பேச வேண்டாம். எனக்கு வாய் இருக்கிறது.

நீங்கள் சொல்லாததால் நானே ஹெர்ஷலின் கடைக்குப் போனேன்.

"யாருக்கு வெர்னா, பேரனுக்கா?"

"எனக்குப் புள்ளையே இல்ல, பேரன் எங்கேர்ந்து வருவான்? எனக்குத்தான்."

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கறுப்பாக, நீளமாக ஒன்றை எடுத்து வைத்தான். "பன்னிரண்டு போர், பெரிய குழல். மூணரை அங்குலத் தோட்டா வரைக்கும் போடலாம். சேத்துல போட்டு மிதிச்சாலும் சுடும்."

"நான் மிதிக்கப் போறதில்ல. தோள்ல வெக்கணும்."

வைத்தேன். துப்பாக்கியின் பின்கட்டை அக்குளில் இடித்தது, கன்னம் சேரவில்லை.

"அட, நீ இடக்கையா?"

"முப்பது வருசமா உன் முன்னாடி நின்னுதான் செக்குல கையெழுத்து போடுறேன். இப்பத்தான் தெரியுதாக்கும்."

பாதுகாப்புப் பொத்தான் விசைக்குப் பின்னால், வலக்கைக்காரன் விரலுக்கு வாகாக இருந்தது. நான் அதைத் தேடுவதற்குள் வாத்து லூசியானாவுக்கே போய்விடும். அடுத்ததாக குழல் சிறுத்த ஒரு குட்டி இருபது போர் காட்டினான். பூனைக்குட்டி மாதிரி கைக்கு அடக்கமாக இருந்தது. ஹெர்ஷல் சிரித்தான். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

இப்போதாவது சொல்வீர்களா?

வெர்னா

*

துலூத்
1997 செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணி,

திட்டு வாங்கியாயிற்று. இனிப் பாடம்.

இமோஜீனை ஏவியது நான்தான். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் போனை எடுங்கள்.

கடையில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பாதுகாப்புப் பொத்தான் மேல்முதுகில், கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை இருட்டில் தேடுவீர்களா? கை போய் நிற்கும். அப்படி. அந்த வகைக்கு எந்தக் கை என்பது பொருட்டில்லை. இரண்டாவது, கட்டையின் நீளம். முழங்கையை மடித்து உள்முழங்கையில் கட்டையின் அடியை வையுங்கள். விரல் விசையை எட்டினால் அது உங்கள் அளவு. நீளமென்றால் ஹெர்ஷல் அறுத்துக் கொடுப்பான். ஓரனின் கால்சட்டையை நீங்கள் மடித்துத் தைக்கவில்லையா?

மூன்றாவது, குழலின் வாயில் திருகிக் கழற்றும் வளையம். தோட்டக் குழாயின் முனையை நினைத்துக்கொள்ளுங்கள். அகலமாகத் திறந்தால் தண்ணீர் பரவும், இறுக்கினால் தூரமாகப் பாயும். பறக்கும் வாத்துக்குக் கொஞ்சம் பரவ வேண்டும். வான்கோழிக்கு அதன் தலைதான் குறி, இறுக்க வேண்டும். ஒரே துப்பாக்கி, இரண்டு வளையம். ஆனால் வாத்துக்குச் சட்டப்படி எஃகு ரவைதான். எஃகு ஈயம் மாதிரி நசுங்கிக் கொடுக்காது. வான்கோழி வளையத்தில் எஃகைச் சுட்டால் குழலின் வாய் வீங்கிவிடும். வளையத்தை மாற்றாமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

இருபது போர் உங்களுக்குப் பிடித்தது எனக்குப் புரிகிறது. நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் நம் சங்கத்தின் மஞ்சள் தோட்டா ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் தொப்பிக்குள் ஐந்து சிவப்பு, ஒரு மஞ்சள் போட்டுக் குலுக்குவார்கள். மஞ்சள் எடுத்தவன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, வெயில் ஏறியதும் போய் எல்லாருக்கும் சமைக்க வேண்டும். அந்த மஞ்சள் இருபது போர்த் தோட்டா. போர் எண் கூடினால் குழல் சிறிது. சிறிய தோட்டா பெரிய குழலுக்குள் வழுக்கிக்கொண்டு முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் 'டிக்' என்று சத்தம், அவ்வளவுதான். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்துப் பின்னால் இன்னொன்றை ஏற்றிச் சுட்டால் குழல் முகத்தருகே வெடிக்கும். கைவிரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கத்தில் ஒருமுறை சொன்னேன். "வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் நோட்டை எடுங்க" என்று சிரித்தார்கள். மற்ற ஐவரும் பன்னிரண்டு போர் வைத்திருக்கும் இடத்தில் உங்கள் பையிலும் மஞ்சள் தோட்டாக்கள் உருள வேண்டாம். பன்னிரண்டே வாங்குங்கள், மூன்று அங்குலத் தோட்டா கொள்ளும் அறையோடு. தோட்டாவை மட்டும் லேசானதாகப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. பம்பை முழுதாகப் பின்னால் இழுங்கள். அடிபம்பைப் பாதியளவு அடித்தால் தண்ணீர் வருமா? பதற்றத்தில் எல்லாரும் பாதிதான் இழுப்பார்கள், அடுத்த தோட்டா ஏறாது.

வாங்கியதும் நம் சங்கத்து டல்லி பெரியவர் முன்னிலையில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். தனியாக வேண்டாம். தோட்டாக்களும் அவர் வீட்டிலேயே இருக்கட்டும், சீசன் வரை.

லோவெல்

*

பிரஷ் லேக்
1997 அக்டோபர் 12

லோவெல்,

துப்பாக்கி வாங்கிவிட்டேன். யாரோ வைத்திருந்த பழையது. பொத்தான் மேல்முதுகில், கட்டை அறுத்தாயிற்று, இரண்டு வளையமும் உண்டு. ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒரு கீறல். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ சொன்னபடி டல்லியின் வீட்டுக்குப் போனேன். காகிதம் மாட்டப் பலகை வேண்டும் என்றேன். "மச்சுல கெடக்கு, ஏறி எடுத்துக்கோ தாயி, என் முட்டி ஒத்துழைக்காது" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது போல. "வெர்னா, வேண்டாம், எறங்கு" என்று கீழேயிருந்து கத்தினார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

ஓரனின் மூன்று துப்பாக்கிகளும், துணி உறை மாட்டி, வரிசையாக. அவர் பெயரை நான் தைத்த உறைகள்.

"அவன் எங்கயும் எடுத்துட்டுப் போகல தாயி. அன்னிக்கு ராத்திரியே இங்க கொண்டாந்து வெச்சுட்டான்."

"ஏன்?"

"அத அவன்கிட்ட கேளு."

"நான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவர் நாயின் காதைத் தடவினார். "மாசாமாசம் போன் பண்ணுவான். 'துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டீங்களா'ன்னு கேப்பான். அது அரை நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் 'அண்ணி எப்படி இருக்காங்க'தான்."

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்க நின்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடக்கத்தன்று எல்லாரும் போன பிறகு இதே தொட்டியில் தட்டு கழுவிக்கொண்டே, "அவரு போன எடத்துக்கே நானும் போயிட்டா தேவலை" என்று சொன்னேன். தட்டுகளிடம் சொன்னதாக நினைத்தேன். பின்னால் நீ துண்டோடு நின்று தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

ஆறு மாதமாக ஊரில் எல்லாரிடமும் நீ திருடன் என்று சொல்லியிருக்கிறேன். ஹெர்ஷலிடம், இமோஜீனிடம், பாதிரியாரிடம். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். என்னிடம் கேட்டிருக்கலாமே, லோவெல்.

வெர்னா

*

துலூத்
1997 அக்டோபர் 20

அன்புள்ள அண்ணி,

உங்கள் கோபம் நியாயம். கேள்வியே கேட்காமல் விடையை எழுதிவிட்டேன். என் மாணவன் செய்திருந்தால் பேப்பரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவீர்களோ என்று. துப்பாக்கியை நகர்த்துவது சுலபம். அந்த வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது? திருடன் என்ற பெயர் பரவாயில்லை. கோபமாக இருக்கிறவர்கள் சாப்பிடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள்.

மூன்றும் உங்களுடையவை. டல்லியிடம் எழுதிவிட்டேன், எப்போது கேட்டாலும் கொடுப்பார். ஓரனின் பெரியதையே எடுத்துக்கொண்டு போனாலும் அது சொந்தத் துப்பாக்கிதான்.

இப்போது கேட்கிறேன் அண்ணி. அன்று சொன்னது இன்னும் தோன்றுகிறதா? எந்தப் பதிலானாலும் எழுதுங்கள். எழுதப் பிடிக்காவிட்டால் போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் நான் விழித்துத்தான் இருப்பேன். குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.

லோவெல்

*

பிரஷ் லேக்
1997 நவம்பர் 23

லோவெல்,

உன் கேள்விக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. போனில் சொன்னது பாதிதான். மீதி கடைசியில். முதலில் நேற்று நடந்ததைக் கேள்.

ஓரனின் துப்பாக்கியை நான் எடுக்கவில்லை. அது ஈயக் காலத்துத் துப்பாக்கி, வாயும் இறுக்கம், எஃகு தாங்காது. கட்டையோ அவர் கை நீளத்துக்கு. என்னுடையதையே கொண்டுபோனேன்.

இருட்டோடு டல்லி தொப்பியை நீட்டினார். ஐந்து பேரும் என் கையையே பார்த்தார்கள். சிவப்பு வந்தது. அடுத்துக் கார்லிஸ் கையை விட்டான். மஞ்சள்.

"கார்லிஸு, முட்டைய உடைக்கத் தெரியுமா, இல்ல மாப்பிள்ளைக்குப் போன் போடணுமா?" என்றான் ஒருத்தன்.

"வாய மூடுங்கடா. வெர்னாக்கா வந்திருக்கிறப்போ என்னைப் போயி சமைக்கச் சொல்றீங்களே."

"எனக்குக் கொஞ்சம் காரமா இருக்கட்டும் கார்லிஸ்" என்றேன்.

அவன் மஞ்சளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். மற்றத் தோட்டாக்களும் அதே பையில்தான்.

வாத்துகள் கண்ணில் படாத மறைப்புக்குள் வரிசையாக உட்கார்ந்தோம். கார்லிஸ் எனக்கு வலப்பக்கம். தண்ணீர் இருட்டாகத்தான் இருந்தது. பிறகு மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறம் வந்தது, அதற்குப் பின் ஒரு மாதிரி தேன் நிறம். ஓரன் சொன்னதில் தேன் இல்லை. சொல்லத் தெரியாமல் விட்டிருப்பார்.

டல்லி வாத்துபோலக் கத்தும் ஊதலை ஊதினார். பச்சைத்தலை வாத்துகள் கிளைகளுக்கு நடுவே இலை உதிர்வது போல இறங்கின. "இப்போ!" என்றார். சுட்டேன், தப்பியது. பம்பை இழுத்தேன், மறுபடி விசையை அழுத்தினால் ஒன்றுமில்லை. பாதியளவுதான் இழுத்திருக்கிறேன்! பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். உன் அடிபம்பை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

இரண்டாவது கூட்டம் வந்தபோது முழுதாக இழுத்தேன். இரண்டாவது சூட்டில் ஒன்று விழுந்தது. டல்லியின் நாய் அதைக் கொண்டுவந்து வழி தெரியாமல் ஓரனைத் தேடிவிட்டு, என் காலடியில் வைத்தது.

அந்த நேரம் கார்லிஸ் கையுறையோடு அவசரமாகத் தோட்டாவைத் துழாவிப் பக்கவாட்டு வாயில் போட்டு மூடினான். தலைக்கு மேல் இன்னும் வாத்துகள். விசையை இழுத்தான்.

டிக்.

"சனியனே" என்று பம்பைப் பிடித்து இழுக்கப் போனான். எனக்கு யோசிக்க நேரமில்லை. அவன் கை மேல் என் கையை வைத்து அமுக்கிவிட்டேன்.

"கைய எடுக்கா! வாத்து போவுது!"

"போகட்டும். இழுக்காதே."

"தோட்டா போட மறந்துட்டேன், அவ்ளோதான்!"

"மறக்கல. நீ போட்டத நான் பாத்தேன். பையில மஞ்சள் இருக்கா பாரு."

பையில் கைவிட்டான். துழாவினான். இன்னொரு பையிலும் துழாவினான். அதற்குள் டல்லி எழுந்து வந்து துப்பாக்கியை வாங்கி, மிச்சத் தோட்டாக்களை இறக்கி, குழலைத் தனியாகக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மறுபக்கத்து வெளிச்சம் தெரியவில்லை. ஒரு கிளைக் குச்சியால் முன்பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளினார். மஞ்சள், பித்தளை அடியோடு, அவர் உள்ளங்கையில் விழுந்தது.

கார்லிஸ் தன் இடது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். எல்லா விரல்களும் இருந்தன.

"இதத்தானே வாத்தியாரு அன்னிக்குச் சொன்னாரு" என்றார் டல்லி. "நாம பல்லக் காட்டினோம்."

வெயில் ஏறும் வரை கார்லிஸ் காத்திருக்கவில்லை. எழுந்து படகுக் கொட்டகைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தான். பிஸ்கட் ரொட்டி கருகியிருந்தது, குழம்பு கட்டி தட்டியிருந்தது. முதல் தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"காரம் போட்டிருக்கேன்க்கா."

"தெரியுது. கண்ணுல தண்ணி வருது."

"எனக்கும்தான்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "மாப்பிள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

அடுத்த வருடம் தொப்பியில் ஆறு பெக்கன் கொட்டைகள், ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் சாயம். டல்லி முடிவு செய்துவிட்டார். மஞ்சள் தோட்டாவை அவர் ஏரியில் எறியப் போனார். நான் வாங்கி ஹெர்ஷலிடம் கொடுத்துவிட்டேன்; யாராவது இருபது போர்க்காரனுக்கு விற்றுக்கொள்ளட்டும். அப்படியே நீ திருடன் இல்லை என்றும் சொல்லிவிட்டு வந்தேன். பாதிரியாரிடமும் இமோஜீனிடமும் இன்று சொன்னேன்.

இனி உன் கேள்வி.

சில காலைகளில் இன்னும் தோன்றுகிறது. பொய் சொல்ல மாட்டேன். முன்னைப் போல் இல்லை, ஆனால் தோன்றுகிறது. அன்றைக்கு இமோஜீனைக் கூப்பிட்டு, "இன்னிக்கு சரியில்ல, வா" என்கிறேன். அவள் வந்து அரை நாள் பேசுகிறாள். அவள் பேச்சைக் கேட்டால் வேறெதையும் நினைக்க முடியாது. டாக்டரிடமும் போகத் தொடங்கியிருக்கிறேன். தோட்டாக்கள் இன்னும் டல்லியிடம்தான். அது நீ சொன்னதால் இல்லை, நானே அங்கே விட்டுவைத்தேன்.

ஏப்ரலில் வான்கோழி சீசன். இறுக்கமான வளையத்தைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டேன். தட்டு அளவுக்குச் சேர்ந்து விழுகிறது. மேட்டுக்காட்டில் அகலமான ஓக் ஒன்று இருக்கிறது, முதுகு சாய்க்க இரண்டு பேருக்கு இடம். குழந்தைகளை அவர்கள் அப்பாவிடம் விட்டுவிட்டு வா. வரும் வழியில் டல்லியின் மச்சிலிருந்து ஓரனின் பெரியதை எடுத்துக்கொள். வான்கோழிக்கு ஈயம் போடலாம்; அது சும்மா கிடந்து துருப்பிடிக்க வேண்டாம். அது உனக்குத்தான்.

என்னுடையது ஓரனின் இரும்புப் பெட்டியில் தனியாக நிற்கிறது. நேற்று ராத்திரி துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன். பெட்டியைப் பூட்டும்போது நானே கவனித்தேன், லோவெல். அதைப் பார்த்தால் எனக்கு வாத்து மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

உன் அண்ணி,
வெர்னா